ஊர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டோம். முடிவை ஊரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி
எழுதியவர்: நல்லம்பள்ளி_வேதியியல்

தருமபுரி பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இளநிலை மாணவர்கள் எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டிய சுற்றுச்சூழல் கல்வித் தாளையும் இரண்டு வருடமாக நான்தான் எடுக்கிறேன். 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் வந்த தாள் அது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதற்கு வகுத்துக் கொடுத்த பாடத்திட்டத்தில், பக்கத்தில் மாசுபட்ட ஓர் இடத்தை மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. களப்பணிக்கு 25 மதிப்பெண். பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டு குப்பைமேட்டைப் போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்த முறை அது வேண்டாம் என்று, கல்லூரிப் பின்சுவரிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு கொட்டாய்க்கு (சிற்றூரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வகுப்பையே அழைத்துப் போனேன். குடிக்கவும் சமைக்கவும் அங்கே புழங்குகிற போர், கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து புளோரைடு பார்ப்பதுதான் திட்டம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு புளோரைடைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாறையிலேயே இருக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு பல காலம் கிடந்து அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஜப்பான் நிதியுதவியோடு வந்து 2013ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்தான் புளோரோசிஸ். அந்தத் தண்ணீர் இந்தக் கொட்டாய்க்கும் வருகிறது. ஆனால் தொட்டியில் போர்த் தண்ணீரோடு கலந்துதான் குழாய்க்கு வருகிறது. குழாயில் வராத நாளில் பழையபடி போர்தான்.

மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி. முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். மாணவி ஒருத்தி மோட்டாரைப் போடச் சொல்லி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்தாள். எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினாள். பாட்டி பாட்டிலை வாங்கி ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார். “இதே மாதிரி சீட்டு ஒட்டி மூணு தடவை கொண்டுபோயிட்டாங்கப்பா. இது நாலாவது. அதுல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலையே?”

எனக்குப் பதில் வரவில்லை. இந்தத் தண்ணீரை என்ன செய்து குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். “கெட்ட தண்ணின்னு ஆரோ சொன்னாங்க, நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறேன்” என்றார். வேதியியல் படித்தவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். கிருமிக்குச் சொல்ல வேண்டிய வைத்தியத்தை அவர் வருடக்கணக்கில் புளோரைடுக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே கல்லூரி நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைத் தேடினேன். ஒன்றில் அந்தக் கொட்டாய் இருந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் 17 என்று எண். இடக்குறிப்பை வைத்துப் பார்த்தால் பாட்டி வீட்டுப் போர்தான். அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே, அதிகபட்சம் என்று சொல்லப்படும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய அளவு. எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. முடிவை ஊருக்குச் சொன்னாயா என்று அவருடைய வழிகாட்டி கேட்டிருக்க மாட்டார், வாய்மொழித் தேர்விலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடமும் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் கல்லூரியில் பசுமை வளாகக் குழு இருக்கிறது, நானும் அதில் உறுப்பினர். மொட்டை மாடியில் சோலார், மழைநீர்த் தொட்டி, மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. கல்லூரிக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) குழு வந்தால் காட்டுவதற்குப் பசுமைத் தணிக்கை அறிக்கையும் தயார். எல்லாமே நல்ல வேலைகள்தான், நானும் மனசு வைத்துத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கொட்டாயிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள் ஐந்து மணி வரைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் குடித்துவிட்டு, சுவரைத் தாண்டி வீட்டுக்குப் போய் அந்தப் போர்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நிலைத்த வளர்ச்சி என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் இது தொண்டையில் நிற்கிறது.

சரி, இப்போது சிக்கல். முடிவுகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு போர் பக்கத்திலும் சுவரில் அளவை எழுதிவிடலாம் என்பது மாணவர்களின் ஆசை. முதலில் ஆய்விதழுக்கு அனுப்பு, அப்புறம் ஊரைப் பார்க்கலாம் என்கிறார் மூத்த சக ஆசிரியர் ஒருவர். கொட்டாயில் ஒரு தாய் என்னைத் தனியாக அழைத்து, “சார், எங்க ஊர்ப் பேரைப் போட்டுடாதீங்க. பொண்ணு கேட்டு யாரும் வரமாட்டாங்க” என்றார். யார் பேச்சைக் கேட்பது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: ஆய்வகத்தில்_31_வருடம்

தம்பி, குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று கேட்கிறேன்: எதில் அளந்தீர்கள்? சாயம் கலந்து நிறம் பார்க்கும் கிட்டிலா, புளோரைடை உணர்ந்து கருவியில் அளவு காட்டும் எலக்ட்ரோடிலா?

கிட் என்றால் அதை மட்டும் நம்பிச் சுவரில் எழுதாதீர்கள். குளோரின் போட்ட தொட்டித் தண்ணீரில் சாயம் வெளுத்து, இல்லாத புளோரைடைக் காட்டக்கூடும். காரத்தன்மை அதிகமான போர்த் தண்ணீரில் இதற்கு நேர்மாறாகக் குறைத்தும் காட்டும். நம் பக்கத்துப் போர்கள் பல அப்படிப்பட்டவைதான். எலக்ட்ரோடு வைத்து, தண்ணீரில் உள்ள மற்றவை அளவைக் குழப்பாமல் இருக்க டிசாப் (TISAB) கரைசல் சேர்த்து அளந்தால்தான் திடமாகப் பேச முடியும். கல்லூரியில் எலக்ட்ரோடு இல்லாவிட்டால் வெட்கப்படாமல் பக்கத்துப் பல்கலைக்கழகத் துறையில் கேளுங்கள். பத்துப் பாட்டிலுக்கு ஒன்றையாவது வேறோர் ஆய்வகத்தில் கொடுத்து ஒத்துப் பாருங்கள். கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை பிடியுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. தப்பான அளவை ஒரு தடவை சுவரில் எழுதிவிட்டால், அப்புறம் சரியான அளவை யார் கொண்டுபோனாலும் ஊர் நம்பாது.

ஆய்விதழா ஊரா என்ற கேள்விக்கு என் பதில் ஊர். கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தீபங்கர் சக்ரவர்த்தி என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2018ல் காலமானார். மேற்கு வங்கத்து நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பதை 1988லிருந்து கிராமம் கிராமமாகப் போய்ச் சோதித்தவர். தண்ணீரோடு நிற்காமல் தலைமுடி, நகம், சிறுநீர் எல்லாம் சேகரித்தார். 1995ல் கொல்கத்தாவில் மாநாடு கூட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவரும் கட்டுரை எழுதினார், நிறைய எழுதினார். ஆனால் நோயாளியை நேரில் பார்த்து, என்ன குடிக்கக் கூடாது என்று அங்கேயே சொல்கிற வேலை அதற்குக் காத்திருக்கவில்லை. கட்டுரை வெளிவர ஒரு வருடம் ஆனால் பாட்டி அந்த ஒரு வருடமும் கொதிக்க வைத்தே குடிப்பார்.

இன்றைக்கே போய் அந்தக் கொதிக்க வைக்கும் விஷயத்தை மட்டுமாவது சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு மறுசோதனை எதுவும் தேவையில்லை.


பதில் 2
எழுதியவர்: பென்னாகரம்_செவிலி

சார், நான் அந்த மாதிரி ஊரில் பிறந்தவள். எனக்கு இப்போது 38 வயது. போட்டோவில் பல் தெரியச் சிரித்ததே இல்லை. முன்பல் நான்கிலும் காவிக் கோடு. பள்ளிக்கூடத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் வெற்றிலை போடுவாயா என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டதே பல்லைப் பார்க்கத்தான் என்று அப்புறம் தெரிந்தது. அதனால் அந்தத் தாய் சொன்னதைத் தயவு செய்து அறியாமை என்று நினைக்காதீர்கள். அவருக்கு எல்லாம் தெரியும். தண்ணீர் கெட்டது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டு, நல்ல தண்ணீர் கொடுக்க யாரும் வராமல் போனால், கெட்ட பெயர் மட்டும்தான் ஊருக்கு மிஞ்சும். அவர் பயப்படுவது அதற்குத்தான்.

முடிவைச் சொல்வதும் ஊர்ப் பெயரை வெளியே போடுவதும் வேறு வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். உங்கள் போரில் இவ்வளவு, குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், குளிக்க, துணி துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவப் பரவாயில்லை என்று எழுதுங்கள். சமையலைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டுக் களி கிண்ட போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள், களி அந்தத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஊர்ப் பெயரை வெளியே எழுதலாமா என்பதை மகளிர் குழுக் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இன்னொன்று. பல்லில் கறை விழுவது பல் உள்ளே உருவாகும் வயதில். எட்டு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தக் கறை போகாது. எனக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தபோது என் பல் கதை எப்போதோ முடிந்திருந்தது. ஆகவே எத்தனை இடத்தில் தண்ணீர் பிடித்தாலும், உங்கள் பட்டியலில் முதலில் வர வேண்டியது அங்கன்வாடிக் குழாய், இரண்டாவது தொடக்கப்பள்ளிக் குழாய். அந்த இரண்டையும் பார்த்தீர்களா? கேள்வியில் நீங்கள் எழுதவில்லை.


பதில் 3
எழுதியவர்: ஓசூர்_தோட்டக்காரன்

நான் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே பாசனம் செய்கிறவன். கோஸ், தக்காளி, புதினா, கொஞ்சம் ரோஜா. உங்களுக்கு பாறையிலிருந்து வருகிறது, எங்களுக்கு பெங்களூரிலிருந்து வருகிறது. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து வரும் ஆறு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு அதில் சேர்ந்து எங்களிடம் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் நுரை ஆள் உயரத்துக்குத் தரைப்பாலத்தின் மேல் ஏறும். காற்றடித்தால் உருண்டு வந்து தோட்டத்தில் விழும். காய்ந்தபிறகு புதினா இலை மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் நிற்கும், விரலால் தேய்த்தால் வழவழவென்று வரும். அந்த இலையைக் கழுவிக் கழுவித்தான் சந்தைக்கு ஏற்றுகிறோம், கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான்.

பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் தீப்பிடித்தபோது பெரிய பெரிய படிப்பாளிகள் பேசினார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் ராமச்சந்திரா என்ற விஞ்ஞானி அந்த ஏரிகளைப் பற்றி வருடக்கணக்காக ஆய்வு செய்து அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறார், அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த அறிக்கைகளால்தான் நுரை எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கும் புரிந்தது. ஆனால் என் நிலத்துக்கு வந்து மண்ணும் கீரையும் எடுத்துப் போனவர்கள் ஒருவரும் என்னிடம் திரும்பி வரவில்லை. பாட்டி கேட்டதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லூரிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு மாநில அரசுகள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமானால் கோர்ட்டும் தீர்ப்பாயமும் வேண்டியிருக்கிறது. இரண்டு கல்லூரிகள் பேச ஒரு போன் போதுமே? பெங்களூரில் ஒரு கல்லூரி, ஓசூரில் ஒரு கல்லூரி, ஒரே நாளில் மேலேயும் கீழேயும் தண்ணீர் பிடித்து, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே அட்டவணையை எழுதட்டும். அங்கே வாஷிங் மெஷினில் சோப்புத்தூள் போடுகிறவருக்கும் இங்கே புதினா கழுவுகிறவனுக்கும் இடையில் வேறு யார் நிற்க முடியும்?


பதில் 4
எழுதியவர்: பர்கூர்_ஆய்வு_மாணவி

நான் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கேட்டவரின் கேள்விக்குள் இரண்டு பழைய ஆவணங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்பதாக எனக்குப் படுகிறது. 1990ல் பிரான்சில் தல்வார் என்ற ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, நிலைத்த எதிர்காலத்துக்குக் கல்வி நிலையங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பசுமை வளாகம் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தது. மறு வருடம், 1991 அக்டோபரில், வாஷிங்டனில் கறுப்பினத்தவர், பழங்குடியினர் முதலானோர் கூடிச் சுற்றுச்சூழல் நீதிக்கு 17 கொள்கைகளை எழுதினார்கள். தேவை என்ன என்று பார்ப்பதில் தொடங்கி, நடந்ததை மதிப்பிடுவது வரை எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் சமமாக உட்கார வேண்டும் என்று அதில் ஒன்று. பாட்டி கேட்டது அந்தக் கொள்கையைத்தான்.

இரண்டும் ஒரு வகுப்பறையில் சேர்ந்த கதையும் உண்டு. 1979ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் குடியிருப்புப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வைப்பதை எதிர்த்து வழக்கு. வாதாடிய வழக்கறிஞரின் கணவர் ராபர்ட் புல்லார்ட், டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆசிரியர். நகரத்துக் குப்பைக் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரே இடத்தில் பட்டியல் கிடையாது. அவர் தன் ஆய்வு முறைகள் வகுப்பு மாணவர்களைப் பழைய ஆவணங்களைப் புரட்டவும் தெருத் தெருவாகப் போகவும் வைத்தார். மாநகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பினக் குடியிருப்புகளில்தான் இருந்தன. ஊர் மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். வழக்கு தோற்றது. ஆனால் மாணவர்கள் வகுப்புப் பயிற்சியாகச் செய்த அந்த வரைபடத்திலிருந்து ஒரு துறையே கிளம்பியது. உங்கள் 25 மதிப்பெண் களப்பணியும் அதே மாதிரி வேலைதான் சார்.

எங்கள் பக்கம் கிரானைட் குவாரி. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டிய திட்டங்களுக்கு 30 நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் தடித் தடியாக இருக்கும். சுருக்கம் மட்டும்தான் தமிழில். ஒரு முறை எங்கள் ஊருக்காக அந்தத் தடித்த புத்தகத்தை நானும் இரண்டு தோழிகளும் மூன்று இரவு உட்கார்ந்து தமிழில் சொன்னோம். என் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “நம்ம ஏரிக்கு வர்ற ஓடை இதுல எங்க இருக்கு?” வரைபடத்தில் தேடினோம், ஓடை இல்லை. கூட்டத்தில் அவர் எழுந்து அதை மட்டும்தான் கேட்டார். அந்த 30 நாளில் ஒரு ஆங்கிலத் துறை, ஒரு புவியியல் துறை, ஒரு வேதியியல் துறை சேர்ந்து ஊரோடு உட்கார்ந்தால் என்னவெல்லாம் கேட்க முடியும் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.


கேள்வி கேட்டவரின் மறுபதிவு
எழுதியவர்: நல்லம்பள்ளி_வேதியியல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி மறுநாளே பாட்டி வீட்டுக்குப் போய்க் கொதிக்க வைப்பதைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் முதலில் கிட்டில்தான் பார்த்திருந்தோம். எல்லாப் பாட்டிலையும் திரும்பப் பிடித்து எலக்ட்ரோடில் அளந்தோம். இரண்டு இடத்தில் கிட் தப்பாகச் சொல்லியிருந்தது. சுவரில் எழுதாமல் போனது நல்லதாயிற்று.

பென்னாகரம் அக்கா கேட்டது உண்மை, அங்கன்வாடிக் குழாயை நாங்கள் பார்க்கவே இல்லை. அது தொட்டித் தண்ணீர், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். பிடித்துப் பார்த்தோம். வரம்புக்குள் இருந்தது, ஆனால் குழாயில் வராத நாளில் பக்கத்துக் கைப்பம்பில் அடித்து ஊற்றுவதாக அங்கன்வாடி அம்மா சொன்னார். கைப்பம்பில் வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மகளிர் குழுக் கூட்டத்தை அங்கன்வாடி வாசலிலேயே வைத்தோம். மூன்று மணி நேரம் பேசினார்கள். ஊர்ப் பெயர் எந்தக் கட்டுரையிலும் வரக் கூடாது, வீட்டுக்கு வீடு சீட்டு வேண்டும், கைப்பம்பின் கைப்பிடிக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடிக்கலாம் என்று முடிவானது. கைப்பிடியைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கேட்டால் துருப்பிடிக்காமல் இருக்க அடித்தது என்று சொல்லிக்கொள்வோம் என்றார் அந்தத் தாய். குழாய்த் தண்ணீர் அங்கன்வாடிக்குத் தினமும் வர வேண்டும் என்று எங்கள் அட்டவணையை இணைத்து மனு எழுதினோம். அதில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். மனு கொடுத்தாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. வாராவாரம் ஒரு மாணவர் போய்க் கேட்டு வருகிறார்.

கல்லூரியில் துறைக் கூட்டத்தில் ஒன்று கேட்டேன்: இனி ஊரில் தண்ணீரோ மண்ணோ எடுத்துச் செய்யும் ஆய்வுக்கு, முடிவை எடுத்த வீட்டுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்ததற்கு அந்த வீட்டுக்காரரின் கையெழுத்து இருந்தால்தான் ஆய்வேட்டை ஏற்க வேண்டும். எதிர்ப்பும் வந்தது. எங்கள் துறையில் மட்டும் இந்த வருடத்திலிருந்து செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

பாட்டியின் சீட்டை அந்த மாணவியே எழுதினாள், பெரிய எழுத்தில். பேரன் படித்துக் காட்டினான். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துக்கு நோட்டை நீட்டியதும், “மழை முடிஞ்சு மறுபடியும் பிடிக்கணும்னு சொன்னீங்களே, எந்த மாசம்?” என்று கேட்டார். தை என்று சொன்னேன். அதையும் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்.